எல்லா மேசைக்கும் சொதி

தட்டை எந்தப் பக்கம் வைக்கணும், தண்ணியை எந்தப் பக்கம் நின்னு ஊத்தணும்னு உங்களுக்குச் சொல்லித்தர ஆளிருக்கு. நான் அதுக்கு வரலை. முப்பத்தஞ்சு வருசம் ஓட்டல்ல நின்னு நின்னு முட்டி ரெண்டும் தேஞ்சுபோய் இப்பம் வீட்டுல உக்காந்திருக்கேன். உங்க மேனேஜர் வந்து, "புதுசா வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க அண்ணாச்சி"ன்னு கேட்டாரு. நாலு வார்த்தையோட நிப்பாட்டத் தெரிஞ்சவன்னா, மேசை மேசையாப் போய்ப் பேசி ஆர்டர் எடுக்கிற கேப்டன் வேலைக்கு நான் ஏன் வாரேன்? அதனால நான் பண்ணின ஒரு தப்பை முழுசாச் சொல்லுதேன். என் பெருமையைக் கேக்க ஆசைப்பட்டா என் வீட்டுக்காரிகிட்ட போய்க் கேளுங்க, ஒண்ணும் கிடைக்காது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. வேடிக்கை பாக்கிற வியாதி. ஒரு குடும்பம் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ள வந்து உக்காருததுக்குள்ள, அவங்க வீட்டுல யாரு சொல்லு நடக்கும், யாரு கோவத்துல இருக்கா, யாருக்குப் பசியே இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். புருசனும் பொஞ்சாதியும் பேசாம சாப்பிட்டா, சண்டை வீட்டுல நடந்துதா வர்ற வழியில நடந்துதான்னு மண்டை குடையும். ஒரு பொம்பளைப் பிள்ளை ஊறுகாயை ரெண்டாவது தடவை கேட்டா, அவ புருசனுக்குத் தெரியுததுக்கு முன்னாடி எனக்கு விசயம் தெரிஞ்சிரும். சமையக்கட்டுல போய்ச் சொல்லிப் பந்தயம் கட்டுவேன். பத்துக்கு ஒம்பது சரியாத்தான் இருக்கும். அந்த ஒம்பதுதான் என்னைக் கெடுத்துது.

தொண்ணூறுகள்ல நடந்த கதை இது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜோட மாடியில எங்க முதலாளி புதுசா ஒரு ரெஸ்டாரண்ட் திறந்தாரு. ஏசி, தரையில கம்பளம், மேசையில வெள்ளைத்துணி, துணியில மடிச்சு வச்ச இன்னொரு துணி. முழுக்கச் சைவம். அதுவரைக்கும் நம்ம ஊருல அப்படி ஒண்ணு கிடையாது. சாப்பிட வந்தவங்களைவிடப் பாக்க வந்தவங்கதான் அதிகம். பாதிப்பேரு கம்பளத்தைப் பாத்ததும் செருப்பைக் கழத்திக் கதவுக்கு வெளிய விட்டுருவாங்க. நான் பைய அந்தச் செருப்புகளை எடுத்து, அவங்க வெக்கப்படாத மாதிரி ஒரு ஓரமா அடுக்கி வப்பேன். கெவுருமெண்டு ஆபீசர்மாரு கூட அப்படித்தான் வருவாங்க. பூசைக்கு வந்த மாதிரி வெறுங்காலோட உக்காந்து மெனு படிப்பாங்க.

இன்னொரு வேடிக்கை. அங்க ஒவ்வொண்ணா வரும். ஒண்ணு சாப்பிட்டு முடிச்ச பெறவுதான் அடுத்தது. நம்ம ஆட்கள் முதல் தட்டை வச்சதும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. "சாப்பிடுங்க சார்"ம்பேன். "மத்ததும் வரட்டும் வே, இலை நிறையட்டும்"பாங்க. எல்லாத்தையும் கண்ணால பாத்த பெறவுதான் நமக்குக் கை போகும். இலையே இல்லாத இடத்துல இலை நிறையக் காத்திருந்தா ஆறிப்போகாம என்ன செய்யும்? செஃப் உள்ள தலையில அடிச்சுக்கிடுவாரு.

அந்த செஃப்பைப் பத்திச் சொல்லணும். லக்னோ பக்கத்து ஆளு. பம்பாயில பெரிய ஓட்டல்ல இருந்தவரு. அரைகுறைத் தமிழ், முழுக் கோவம். ஆனா கையில சரக்கு உண்டும். நம்ம ஊருச் சாப்பாட்டைப் புதுசாக் குடுக்கணும்னு அவருக்கு ஒரு வெறி. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை நொறுக்கி பன்னீர் மேல தூவுவாரு. வாழைப்பூ வடையைக் கோலிக்குண்டு அளவுல பொரிப்பாரு. ஒரு நாள் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, தேங்காப்பால்ல காய்கறி போட்டு வச்ச சொதியும் சாதமும் போட்டேன். மனுசன் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டு, என் வீட்டுக்காரிகிட்ட சமையக்கட்டுலயே பாடம் கேட்டாரு. அடுத்த வாரம் எங்க மெனுவுல சொதி வந்துட்டு. வெள்ளைக் கிண்ணத்துக்கு நடுவுல ஒரு சின்ன இடியாப்பம். கேப்டன் மேசைப் பக்கத்துல நின்னு, கூஜாவுல இருந்து சொதியை அது மேல பைய ஊத்தணும். கடைசியா இஞ்சிச்சாறு ரெண்டு சொட்டு. எம்மா, அந்த மணத்துக்கே எழுந்திருச்சு நிக்கலாம்!

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்லுதேன். இங்க சைவக் குடும்பங்கள்ல கல்யாணத்துக்கு மறுநாள் பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்குன்னு வைக்கிற சாப்பாடு சொதி. மத்த நாள்லயும் வீட்டுல வச்சுச் சாப்பிடுவோம், அதுல ஒண்ணுமில்லை. ஆனா நாலுபேரு பாக்க ஒரு பையன் முன்னாடி மரியாதையா சொதியைக் கொண்டுவந்து ஊத்துனா அதுக்கு ஒரு அர்த்தம் உண்டு. எங்க செஃப்புக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சதனாலதான் அந்தத் தப்பை என்னால பண்ண முடிஞ்சுது.

ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டையில இருந்து ஒரு பெரியவரு வந்தாரு. தாலுகா ஆபீசுல வேலை. செருப்பைக் கழத்தாம உள்ள வந்தாரு, ஆனா கம்பளத்து மேல நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வச்சாரு. "தம்பி, நாளைக்கு மத்தியானம் ஒரு மேசை வேணும். கூடவே ஜன்னலோரமா ரெண்டு பேருக்கு ஒரு தனி மேசை. பேசுதது பெரிய மேசைக்குக் கேக்கப்படாது, ஆனா கண்ணுக்குத் தெரியணும்"னாரு.

"பொண்ணு பாக்கவா சார்?"

"ஆமா வே." பக்கத்துல யாரும் இருக்காங்களான்னு பாத்துக்கிட்டாரு. "எம் மகள் கோமதி. காலேஜுல கணக்கு சொல்லிக்குடுக்கா. இதுக்கு முன்னாடி நாலு பேரு வீட்டுக்கு வந்து கேசரி தின்னுட்டுப் போயிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் பெரியவங்க பேசி முடிச்சாங்க, பெரியவங்க பேசிக் கலைச்சாங்க. இந்தத் தடவை அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. வெளியிடத்துல பாக்கணும், நான் அந்தப் பையன்கிட்ட அரைமணி நேரம் பேசணும், நான் வாயைத் திறந்து சொல்லுத வரைக்கும் யாரும் எதையும் முடிவு பண்ணப்படாதுன்னா. சரிம்மான்னு வாக்குக் குடுத்துட்டேன். அந்த அரைமணி நேரத்தை மட்டும் நீரு பாத்துக்கிடும்."

"நான் பாத்துக்கிடுதேன் சார்"னேன். தலையை வேற ஆட்டுனேன்.

ஞாயித்துக்கிழமை பன்னிரண்டரைக்கு வந்தாங்க. பையன் வீட்டுக்காரங்க வள்ளியூர்க்காரங்க. பையன் மெட்ராசுல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கானாம். நல்ல பையன்தான், பாத்தாலே தெரிஞ்சுது. அவன் அம்மா கையில வாழையிலைப் பொட்டலம் ஒண்ணு. பிச்சிப்பூ வாசம் ஹால் பூராவும் அடிச்சுது. எதுக்கும் தயாரா வந்திருக்காங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. பொண்ணு தலையில பூ வச்சாச்சுன்னா பேச்சு முடிஞ்சாச்சு. அதுக்கு மேல அவ வேண்டாம்னா, அது சம்பந்தத்தை முறிச்ச மாதிரி.

ரெண்டு வீட்டுப் பெரியவங்களையும் பெரிய மேசையில உக்கார வச்சேன். கோமதியையும் பையனையும் ஜன்னலோரமா உக்கார வச்சேன். அந்தப் பிள்ளை சாதாரணக் காட்டன் சேலைதான் கட்டியிருந்தா. என்னைப் பாத்து, "எங்களுக்கு அவசரமில்லை அண்ணாச்சி, கூப்பிடும்போது வாங்க"ன்னா. எவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கா பாருங்க! நான் அதையும் கேட்டுத் தலையை ஆட்டுனேன்.

பெறவு தூணோரமா நின்னு என் வியாதியை ஆரம்பிச்சேன். முதல் அஞ்சு நிமிசம் பையன்தான் பேசுனான். அந்தப் பிள்ளை மேசைத்துணியில விரலால கோடு போட்டுக்கிட்டே கேட்டா. அவ ஏதோ கேட்டா, அவன் யோசிச்சுப் பதில் சொன்னான். பெரிய மேசையில பெரியவரு ஒரு வாய் தண்ணி குடிக்காம ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தாரு. பத்து நிமிசம் ஆச்சு. அப்பம் அவன் என்னமோ சொன்னான். அந்தப் பிள்ளை சிரிச்சா. லேசா இல்லை, வாய்விட்டு, தலையை ஆட்டி ஆட்டிச் சிரிச்சா. அவனும் கூடச் சேந்து சிரிச்சான். பெரியவரு முகத்துல அப்படி ஒரு நிம்மதி வந்துது. அப்பதான் தண்ணி கிளாஸையே தொட்டாரு.

எனக்குச் சந்தோசம் தாங்கலை. முடிஞ்சுது காரியம், என் மேசையில ஒரு கல்யாணம் கூடியாச்சுன்னு உள்ள ஓடுனேன். செஃப்கிட்ட, "ஒரு சொதி, நல்லா அலங்காரமா"ன்னேன். ஆர்டர் யாரும் குடுக்கலை. வெள்ளித்தட்டுல கிண்ணத்தை வச்சு நானே எடுத்துட்டுப் போனேன். பையன் முன்னாடி வச்சேன். கூஜாவைத் தூக்கி ஊத்திக்கிட்டே, "மாப்பிள்ளைக்கு எங்க ஓட்டல் சார்பா முதல் சொதி!"ன்னேன். மெதுவாச் சொல்லியிருந்தாக்கூடப் போயிருக்கும். பெரிய மேசைக்குக் கேக்கணும்னே சொன்னேன், பாவி.

கோமதி முகத்தைப் பாத்தேன். சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியலை. ரெண்டு கையையும் மேசைக்கு அடியில இழுத்துக்கிட்டா.

அந்தப் பக்கம் வள்ளியூர் அம்மா கையைத் தட்டிட்டாங்க. "அட, சொதியே வந்துட்டுல்லா! பெறவென்ன, பிள்ளைங்களுக்குள்ள பேசி முடிச்சாச்சு! எங்கங்க அந்தப் பொட்டலம்?"ன்னு எழுந்திருச்சாங்க. பெரியவரு "கொஞ்சம் பொறுங்கம்மா, அவ இன்னும்"ன்னு ஆரம்பிச்சாரு. அவரு பேச்சு யாரு காதுலயும் விழலை. அந்தம்மா பொட்டலத்தைப் பிரிச்சு, பூவைக் கையில எடுத்து, ஜன்னலைப் பாத்து வர ஆரம்பிச்சாங்க. நடுவுல மூணு மேசை. பதினஞ்சு எட்டு இருக்கும்.

இந்த இடத்துலதான் நீங்க யோசிக்கணும். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? தப்பு என் பேருலன்னு சொல்லலாம். சொன்னா அந்தம்மா, "இருக்கட்டும் தம்பி, நல்ல சகுனம்தான்"ன்னு தாண்டிப் போயிருவாங்க. கிண்ணத்தைத் திருப்பி எடுக்கலாம். மாப்பிள்ளை முன்னாடி வச்ச சொதியை எடுக்கிறதைவிட அபசகுனம் உண்டுமா? அந்தப் பிள்ளையே எழுந்து வேண்டாம்னு சொல்லலாம். ஹால் பூராவும் பாக்க, பூவோட வர்ற பெரிய மனுசியைப் பாத்து எந்தப் பிள்ளை சொல்லும்? ஒரு மனுசன் நம்பி ஒப்படைச்ச அரைமணி நேரத்தைப் பத்தே நிமிசத்துல பிடுங்கிட்டேனே!

கையில கூஜா இருந்துது. அதுல இன்னும் ரெண்டு கிண்ணத்துக்குச் சொதி இருந்துது. அந்தம்மாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல இருந்த மேசையில ஒருத்தர் தனியாச் சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. பூச்சிமருந்து கம்பெனி ஏஜெண்டு, முக்கூடல் பக்கம் சுத்துறவரு, வயசு அம்பது, தலையில ஒரு முடி கிடையாது. நேரா அவருகிட்ட போனேன். மேசையில கவுத்தி வச்சிருந்த காபிக் கப்பை நிமித்தி வச்சேன். ஊத்துனேன். "மாப்பிள்ளைக்கு எங்க ஓட்டல் சார்பா முதல் சொதி!"ன்னு அதே குரல்ல, அதே மரியாதையோட சொன்னேன்.

அவரு பயந்தே போயிட்டாரு. "எனக்கா? நான் தோசையில்லா சொன்னேன்!"

"இன்னைக்கு எல்லா மாப்பிள்ளைகளுக்கும் சொதி சார். எங்க ஓட்டல் வழக்கம்." அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிசம்தான் பிறந்துது.

அடுத்த மேசை மேலப்பாளையத்து பாய் குடும்பம். பாய் துபாய்ல இருந்து திரும்பினவரு, பேரன் பேத்தியோட வந்திருந்தாரு. "மாப்பிள்ளைக்கு முதல் சொதி!"ன்னு ஊத்துனேன். பாய் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "அல்லாவே! நாப்பது வருசம் கழிச்சு மாப்பிள்ளையா?" பக்கத்துல அவரு பீவி, "பேசாம குடிங்க, இனிமே யாரு உங்களை அப்படிக் கூப்பிடப் போறா?"ன்னாங்க. அந்த மேசையே சிரிச்சுது.

வள்ளியூர் அம்மா நடு ஹால்ல நின்னுட்டாங்க. கையில பூ. இங்கன வழுக்கைத்தலை மாப்பிள்ளை சொதியை ஊதி ஊதிக் குடிக்காரு. அங்கன தாடி வச்ச மாப்பிள்ளை பேரனுக்கு ஊட்டுதாரு. நான் சமையக்கட்டுக் கதவை முதுகால தள்ளிக்கிட்டு உள்ள பாய்ஞ்சேன். "செஃப், இருக்கிற சொதி எல்லாம் வேணும். எல்லா மேசைக்கும்!" அவரு கரண்டியைக் கீழ போட்டாரு. "பைத்தியமா உனக்கு? யாரு ஆர்டர்?" "பெறவு சொல்லுதேன், அடிக்கணும்னா பெறவு அடிங்க." என் முகத்தைப் பாத்துட்டு மறுபேச்சுப் பேசாம பானையைச் சாய்ச்சாரு. கிண்ணம் பத்தலைன்னு காபிக் கப்பு, ஐஸ்கிரீம் கப்பு எல்லாத்துலயும் ஊத்துனாரு. இடியாப்பம் தீந்துபோச்சு, அப்பளத்தை நொறுக்கிப் போட்டாரு. பெரிய மேசையில பெரியவருக்கு ஒண்ணு, பையனோட அப்பாவுக்கு ஒண்ணு. ரெண்டு பேரையும் மாப்பிள்ளைன்னேன். எங்க மேனேஜர் கல்லாவுல இருந்து என்னை முறைச்சாரு. அவருக்கும் ஒண்ணு வச்சேன்.

கடைசியா அந்தம்மாகிட்ட போனேன். "அம்மா, நின்னுக்கிட்டே இருக்கீங்களே. உங்களுக்கும் கொண்டாரேன், உக்காருங்க. இது இன்னைக்கு எல்லாருக்கும் குடுக்குததும்மா, சூப்பு மாதிரி." அந்தம்மா ஹாலை ஒரு சுத்துச் சுத்திப் பாத்தாங்க. எல்லாரு முன்னாடியும் சொதி. பூவைப் பாத்தாங்க. "நான் என்னமோல்லா நினைச்சேன்"ன்னு சொல்லி, வெக்கச் சிரிப்போட திரும்பிப் போய் உக்காந்துட்டாங்க.

அதுக்குப் பெறவு ஜன்னல் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கலை. வேணும்னே தண்ணி ஜாடியைத் தொடைச்சுக்கிட்டு நின்னேன். ஒரு இருபது நிமிசம் கழிச்சு அந்தப் பையன் எழுந்து பெரிய மேசைக்குப் போனான். அம்மா பக்கத்துல குனிஞ்சு, "பூவை உள்ள எடுத்து வைங்கம்மா. இது சரிவராது"ன்னான். "ஏம்லே, என்ன சொல்லுதா அவ?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. "அவங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலை. நான்தான் ஒண்ணு கேட்டேன், அது அவங்களால முடியாது"ன்னான். அவன் முகத்துல கோவம் இல்லை. எல்லாரும் முழுச் சாப்பாடும் சாப்பிட்டு, மரியாதையாப் பேசிட்டுத்தான் போனாங்க. அந்தம்மா போகும்போது பூவைக் கோமதியோட அம்மாகிட்டயே குடுத்து, "சாமிக்குப் போடுங்க"ன்னாங்க.

கிளம்புததுக்கு முன்னாடி கோமதி கைகழுவுற இடத்துக்கு வந்தா. நான் அங்கனதான் துண்டோட நின்னேன்.

"அண்ணாச்சி, முதல் கிண்ணத்தைக் கொண்டாரச் சொன்னது யாரு? எங்க அப்பாவா?"

பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரலை. "இல்லைம்மா. நானாத்தான். நீங்க சிரிச்சதைப் பாத்தேன். பிடிச்சுப்போச்சுன்னு நினைச்சுட்டேன். அப்பா உங்க அரைமணி நேரத்தை எங்கிட்ட ஒப்படைச்சிருந்தாரு. நான் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்கம்மா."

அவ கையைத் தொடைச்சு முடிச்சா. பெறவு சொன்னா: "கல்யாணத்துக்குப் பெறவு வேலையை விட்டுட்டு வந்துரணும்னாரு. அப்பதான் சிரிச்சேன். அழுகையா வந்துது அண்ணாச்சி. அழுதா அங்கன இருந்து எல்லாரும் எழுந்து ஓடி வந்திருவாங்க. சிரிச்சா யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சேன். நீங்க வந்துட்டீங்க."

துண்டை வாங்கிக்கிட்டேன். பத்துக்கு ஒம்பது சரியாச் சொல்லுதவன் நான். அந்த ஒம்பதுல எத்தனை பேரு இப்படிச் சிரிச்சாங்களோன்னு அன்னைக்கு ராத்திரி முழுக்க யோசிச்சேன். வேடிக்கை பாக்கிற வியாதி என்னை விட்டுப் போகலை, போகவும் வேண்டாம். அது இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. நல்லாப் பாருங்க. ஆனா பாத்ததை வச்சு முடிவு கட்டிட்டு ஓடாதீங்க. மேசை கூப்பிடட்டும். எங்க முதலாளி அந்த ஞாயித்துக்கிழமைச் சொதியைப் பத்தி ரெண்டு நாள் என்னைக் காய்ச்சி எடுத்தாரு. பூச்சிமருந்து ஏஜெண்டு மட்டும் அடுத்த வாரமும் வந்து, "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டாரு.

ஒரு வருசம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் காலேஜ் டீச்சர்மாரு நாலு பேரு வந்தாங்க. அதுல ஒண்ணு கோமதி. அவளுக்கு ஏதோ பதவி உசந்திருக்குன்னு கூட வந்தவங்க பேச்சுல இருந்து தெரிஞ்சுது. அதே ஜன்னலோர மேசைதான் கேட்டாங்க. மெனுவைக் குடுத்துட்டுத் தூணோரமா வந்து நின்னேன். நாலு பேரும் என்னமோ பேசிச் சிரிச்சாங்க. கோமதி தலையை ஆட்டி ஆட்டி, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. இது எந்தச் சிரிப்புன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும்னு மண்டை குடைஞ்சுது. காலு தானா ஒரு எட்டு எடுத்து வச்சுது. நிப்பாட்டிக்கிட்டேன். தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவளே திரும்பிப் பாத்துக் கையைத் தூக்குனா. போனேன்.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு நேரமாச் சிரிக்கோம், இன்னும் சொதியைக் காணோமே?"

"நீங்க இன்னும் கேக்கலையேம்மா."

"அப்பம் இப்பம் கேக்குதேன், கொண்டாங்க"ன்னா. நான் திரும்பி ரெண்டு எட்டு வச்சிருப்பேன், பின்னாடி இருந்து கூப்பிட்டா. "அண்ணாச்சி, முதல் கிண்ணம் எனக்கு."